பார்க்கலாம் என்றார்கள்

மேஜரைப் படிக்க அனுப்பியது உத்தரவு. அவளாகக் கேட்கவில்லை. சப்ளைக் கிடங்கில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், கம்பளி என்று எண்ணியும் நிறுத்தும் கொடுத்தே தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு நாள் காலை உறை வந்தது. ராணுவக் கல்லூரியில் பொது மற்றும் வளர்ச்சி மேலாண்மை, முதுகலை. சேர வேண்டிய தேதி. அடியில் முத்திரை. அவள் தன் மேலதிகாரியிடம் போய் நின்றாள்.

"சார், இது என்ன படிப்பு?"

"வளர்ச்சி."

"யாரோட வளர்ச்சி சார்?"

"அதைத்தான் அங்க சொல்லித் தருவாங்க. படிச்சிட்டு வந்து எனக்கும் சொல்லுங்க."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். வெளியே வந்த பிறகு எதற்குச் சிரித்தோம் என்று யோசித்தாள்.

அந்தப் படிப்பில் ஒரு நல்லது இருந்தது. கல்லூரி இருந்த ஊரில்தான் அவள் கணவரின் மூக்குக் கண்ணாடிக் கடை. கல்யாணமானதிலிருந்து அவர் கடையோடும் அவள் முகாமோடும் இருந்தார்கள். மகள் அப்பாவிடம் வளர்ந்தாள். விடுமுறைக்கு வரும் அம்மாவை அவள் வாசலிலேயே விறைப்பாக நின்று சல்யூட் அடித்து வரவேற்பாள். இப்போது அம்மா தினமும் மாலையில் வந்தாள். சல்யூட் நின்றுபோனது. சாப்பாட்டு மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து இருவரும் வீட்டுப்பாடம் எழுதினார்கள்.

"முடிச்சாச்சா?" என்று மகள் கேட்பாள்.

"கேள்வியே புரியலை."

"எங்க மிஸ் சொல்வாங்க, கேள்வியை ரெண்டு தடவை படிச்சா பாதி விடை அதுலயே இருக்கும்னு."

அவள் ஐந்து தடவை படித்திருந்தாள்.

வகுப்பறை முன்பு வரைபட அறையாக இருந்தது. வரைபடங்கள் தொங்கிய இடங்களில் சுவர் வெளுத்துக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. ஆணிகளை யாரும் பிடுங்கவில்லை. அவற்றில் தொப்பிகளை மாட்டினார்கள். பாடம் எடுத்தவர் வெளியிலிருந்து வரும் பேராசிரியர். ராணுவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. முதல் நாள் அவர் உள்ளே வந்ததும் வகுப்பு மொத்தமும் ஒரே சத்தத்தில் எழுந்து நின்றது. பேராசிரியர் திரும்பி, தனக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று பார்த்தார்.

அவர் ஒரு கணக்குக் கொடுத்தார். ஓர் ஊர். பள்ளிக்கூடம், மருந்தகம், சாலை, மூன்றில் ஒன்றைத்தான் கட்ட முடியும். எதைக் கட்டுவீர்கள், ஏன்? அவள் இரண்டு வரியில் எழுதி முடித்து, பேனாவை மூடிவைத்துக் காத்திருந்தாள். சாலை. சாலை இருந்தால் மற்ற இரண்டுக்கும் வேண்டியதை லாரி கொண்டுபோகும்.

"நல்லா இருக்கு" என்றார் பேராசிரியர். "ஏன் அவங்ககிட்ட கேட்கலை?"

"யார்கிட்ட சார்?"

"அந்த ஊர்ல இருக்கறவங்ககிட்ட."

"கேள்வியில அவங்க பேசற மாதிரியே இல்லையே சார்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியரும் சிரித்தார். அவள் கிண்டலாகச் சொல்லவில்லை.

"அப்போ சரியான விடை எது சார்?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

தோன்றுவதை எழுதும் பழக்கம் அவளுக்கு இல்லை. கிடங்கில் யாருக்கும் எதுவும் தோன்றாது. இருக்கும், அல்லது குறையும்.

பக்கத்து நாற்காலியில் பொறியாளர் படை மேஜர். எந்தப் பேச்சை எடுத்தாலும் 'நான் பாலம் கட்டப் போன ஊர்ல' என்று தொடங்குவதால் அவர் பெயர் பாலம். அவர்தான் அவளுக்குத் தராசு என்று பெயர் வைத்தார்.

"ஒண்ணு சொல்றேன் தராசு" என்றார் பாலம். "இந்தக் கிளாஸ்ல யாருக்கும் விடை தெரியாது. தெரிஞ்ச மாதிரி உக்காந்திருக்கோம் பாரு, அதுக்குப் பேருதான் மேலாண்மை."

அவள் அப்பா பஸ் கண்டக்டர். நாள் முழுக்க ஆயிரம் பேர் சொல்லும் காரணங்களைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருபவர். "கேட்டா ஆமா சொல்லு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு. கதை மட்டும் சொல்லாதே" என்பார். கதை சொல்லாமல் பிழைக்க ஓர் இடம் இருக்கிறது என்று பத்தொன்பது வயதில் அவளுக்குத் தெரிந்தது. ராணுவத்தில் சேர்ந்துவிட்டாள். அங்கே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு வேலைதான் இருந்தது. கிடங்கில் சரக்கு வந்து இறங்கியதும் அவள் கேட்பாள், "என்ன, பார்க்கலாமா?" ஸ்டோர்காரன் மூட்டைகளை அடுக்கி, ஒன்றின் வாயைப் பிரித்து வைத்துவிட்டு, "பார்க்கலாம் மேடம்" என்பான். எல்லாம் சரியாக இருக்கிறது, வந்து சோதித்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அதைச் சொல்லிவிட்டு மூட்டையில் குறை வைத்தவன் யாரும் இல்லை.

வீட்டிலும் அந்தச் சொல் இருந்தது. முகாமுக்கு வெளியே இருந்த கடைத்தெருவில் அவள் கணவருக்காக ஓர் அறை பிடித்து வைத்திருந்தாள். கண்ணாடிக் கடையை அங்கே மாற்றிக்கொண்டால் மூவரும் ஒரே வீட்டில் இருக்கலாம். ஒவ்வொரு விடுமுறையிலும் கேட்பாள். "பாக்கலாம்" என்பார் அவர். அவள் திரும்பிப்போய் அந்த அறையைப் பெருக்கிவைக்கச் சொல்வாள்.

இரண்டாம் பருவத்தில் களப்பணி வந்தது.

களம் என்றதும் வகுப்பில் பாதிப் பேர் பூட்ஸைப் பற்றி யோசித்தார்கள். பேராசிரியர் சொன்ன களம் கல்லூரியின் பின்கேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தது. பின்கேட் எப்போதும் திறந்தே கிடக்கும். பின்தெருவில் இருப்பவர்கள் அதன் வழியாக நுழைந்து, மைதானத்தின் ஓரமாக நடந்து, முன்பக்கம் பஸ் நிறுத்தத்துக்குப் போவார்கள். கல்லூரித் தலைவரான பிரிகேடியருக்கு அது கண்ணில் விழுந்த தூசி. ராணுவ இடத்துக்குள் சந்தைக்குப் போவதுபோல் ஜனங்கள் போகிறார்கள். கேட்டை மூடிவிட்டு, அதற்குப் பதிலாக வாய்க்கால் ஓரத்துச் சுற்றுவழியைச் சிமென்ட் பாதையாக்கி விளக்குப் போட்டுத் தரலாம் என்பது அவர் திட்டம். மக்களைக் கேட்காமல் மூடக் கூடாது என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கேட்பதற்கு ஒரு வகுப்பே கையில் இருந்தது. வேலை மேஜருக்கு வந்தது.

பின்தெருவில் ஒரு மழலையர் பள்ளி. ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்துவிட்டார்கள். இருந்தவை எல்லாம் குழந்தைகளின் நாற்காலிகள். பெரியவர்கள் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்தார்கள். அவளுக்கு மட்டும் டீச்சரின் நாற்காலியைக் கொடுத்தார்கள். அவள் மறுத்துவிட்டு ஒரு சின்ன நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். மக்களோடு சமமாக உட்காருங்கள் என்று பாடத்தில் இருந்தது. உட்கார்ந்த பிறகு எழுந்திருக்க முடியுமா என்று சந்தேகமாக இருந்தது.

திட்டத்தை விளக்கினாள். படம் காட்டினாள். "இதைப் பத்தி உங்க கருத்து என்ன?"

எல்லோரும் படத்தையே பார்த்தார்கள். பிறகு சைக்கிள் கடைக்காரர் தொண்டையைச் செருமினார்.

"விளக்கு எரியுமா மேடம்?"

"எரியும்."

"இல்ல, எங்க தெருவுல நிக்கறதையும் விளக்குன்னுதான் சொல்றாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் 'விளக்குப் பராமரிப்பு' என்று எழுதிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்க்கும் அம்மாள் கையைத் தூக்கினாள். "வாய்க்கால் பக்கமா சுத்திப் போனா பஸ் போயிடும்."

"எவ்வளவு முன்னாடி கிளம்பினா சரியா இருக்கும்?"

"கிளம்பறதுல இல்லைம்மா விஷயம்" என்றாள் ஆயா. மேலே சொல்ல வந்து, சுற்றி உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள். மேஜர் பேனாவோடு காத்திருந்தாள்.

"அப்போ கேட்டை மூடறதுல உங்களுக்குச் சம்மதமா?"

தையல்காரம்மாவின் கழுத்தில் அளவு டேப் தொங்கியது. அதன் நுனியை விரலில் சுற்றிப் பிரித்தாள். "நீங்க இவ்வளவு தூரம் வந்து, இந்தக் குட்டிச் சேர்ல உக்காந்து கேக்கறீங்க. பாக்கலாம் மேடம்."

மேஜருக்கு நெஞ்சு லேசானது. இந்த ஒரு வருடத்தில் அவளுக்குப் புரிந்த முதல் பதில் அது.

"நீங்க?"

"பாக்கலாம்."

"பாக்கலாங்க" என்றார் சைக்கிள் கடைக்காரர். ஆயாவும் சொன்னாள். சொல் நாற்காலி நாற்காலியாகச் சுற்றி வந்தது. டீ கொடுத்தார்கள். எழுந்திருக்கக் கை கொடுத்தார்கள். கேட் வரை கூட வந்து வழியனுப்பினார்கள்.

'கலந்துகொண்ட அனைவரும் ஒப்புதல். பாதையைப் பார்வையிடத் தயாராக உள்ளனர்' என்று அவள் எழுதினாள். பாலம் அதை வாங்கிப் படித்தார்.

"எல்லாருமா? ஒருத்தர்கூட வேண்டாம்னு சொல்லலையா?"

"இல்லை."

"நான் பாலம் கட்டப் போன ஊர்ல பாலமே வேண்டாம்னாங்க. நீ வழியை அடைக்கிறேன்னு போயிருக்க, ஆளுக்கு ஒரு சம்மதம், கூட டீ. உனக்கு முகராசி தராசு."

பிரிகேடியர் தாழ்வாரத்தில் நிறுத்திப் பாராட்டினார். மக்கள் கலந்தாய்வு என்றால் இப்படி இருக்க வேண்டும், சுருக்கமாக. சுத்தப் பிரதி தட்டச்சுக்குப் போனது. அது வந்ததும் அவள் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் கேட்டுக்கு வெல்டிங். அவளுக்குக் களப்பணி மதிப்பெண், அதன்மேல் பட்டம்.

அவளும் பின்கேட் வழியாகத்தான் வீட்டுக்குப் போவாள். இரண்டு மூன்று நாள் கழித்துப் போகும்போது வெல்டர் ஒருவன் கேட்டின் கீல்களை அளந்துகொண்டிருந்தான். துணி மூட்டையோடு தையல்காரம்மா எதிரே வந்தாள்.

"மேஜரம்மா, கேட்டை மூடறாங்களாமே?"

"ஆமா. நீங்கள்லாம் ஒத்துக்கிட்டீங்களே."

"நாங்களா? எப்போ?"

"அன்னிக்கு. ஸ்கூல்ல. பாக்கலாம்னு சொன்னீங்களே."

"ஆமா. பாக்கலாம்னுதான் சொன்னோம்."

"அப்போ?"

"அதான் மேடம். பாக்கலாம்னுதானே சொன்னோம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மற்றவள் வாக்கியத்தை முடிப்பாள் என்று இருவருமே காத்திருந்ததுபோல் இருந்தது.

"உங்க மேல வருத்தம் இல்லைங்க" என்றாள் தையல்காரம்மா கடைசியில். "மரியாதையா வந்து கேட்டீங்க. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படிச் சொல்றது? வாய்க்கால் ஓரமா எங்க வீட்டுப் பொண்ணுங்க யாரும் இருட்டினப்புறம் நடக்கறதில்லை. அதைக் கூட்டத்துல வச்சுச் சொல்ல முடியுமா? யார் யாரோ உக்காந்திருக்காங்க." மூட்டையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "சரி, நீங்க எழுதினது எழுதினதுதானே."

போய்விட்டாள். மேஜர் நின்ற இடத்திலேயே நின்றாள். வெல்டர் அவளைச் சற்று விலகி நிற்கச் சொன்னான். அவள் கேட் கம்பி மேல் கை வைத்திருந்தாள்.

வீட்டில் கணவர் சாப்பாட்டு மேசையில் ஒரு கண்ணாடி பிரேமின் கீலை முடுக்கிக்கொண்டிருந்தார். மகள் பூகோளம் எழுதிக்கொண்டிருந்தாள்.

"பாக்கலாம்னா என்ன அர்த்தம்?" என்று கேட்டாள் மேஜர்.

அவர் தலையைத் தூக்கவில்லை. "யார் யார்கிட்ட சொன்னது?"

அவள் சொன்னாள். சின்ன நாற்காலி முதல் வெல்டர் வரை. அவர் முதலில் அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. சிரித்த சிரிப்பில் திருகாணி கீழே விழுந்து உருண்டது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்லை. அசையாதே, மிதிச்சிடுவே." அவர் மேசைக்கடியில் குனிந்தார். "எங்கிட்ட வந்து கேட்டிருக்கலாமே. கடைக்கு வர்றவங்க பத்துப் பேர்ல ஏழு பேர் விலையைக் கேட்டுட்டு, சரி பாக்கலாம்னு சொல்லிட்டுத்தான் போவாங்க. நான் என்ன, கண்ணாடியைப் பெட்டியில போட்டா வைக்கறேன்?"

"எனக்கே தெரியும்மா" என்றாள் மகள். "நான் சைக்கிள் கேட்டேன். அப்பா பாக்கலாம்னாரு. உடனே அழுதுட்டேன்."

மேஜர் இருவரையும் பார்த்தாள்.

"அப்போ நான் பிடிச்சு வச்சிருக்கற அறை?"

மேசைக்கடியில் கை தடவுவது நின்றது.

"உங்க கடைக்குன்னு வச்சிருக்கேனே. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே."

"எப்போ?"

"ஒவ்வொரு தடவையும்."

அவர் இன்னும் கீழேயே இருந்தார். அவள் அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டையில் ஓர் இடத்தில் தையல் விட்டிருந்தது. இத்தனை வருடம் பெருக்கி வைக்கச் சொன்ன அறையில் இப்போது என்ன இருக்கும் என்று யோசித்தாள். ஒன்றும் இருக்காது. அதற்காகத்தானே பெருக்கினார்கள்.

"கிடைச்சிடுச்சு" என்றாள் மகள். திருகாணி அவளுடைய பூகோளப் புத்தகத்துக்கடியில் இருந்தது.

மறுநாள் பேராசிரியரிடம் போனாள். அவர் கவனமாகக் கேட்டார். நடுவில் ஒரு தடவை, "ரொம்ப நல்ல அனுபவம் இது" என்றார். யாருக்கு என்று அவள் கேட்கவில்லை.

"மாத்தி எழுதலாமா சார்?"

"எழுதலாம். இந்தப் பருவத்துக்குள்ள திரும்பக் கூட்டம் போட பிரிகேடியர் ஒத்துக்கணும். கையெழுத்து இல்லாத அறிக்கைக்கு மார்க் கிடையாது, அது விதி. களப்பணி இல்லைன்னா பட்டமும் கிடையாது. யூனிட்டுக்குத் திருப்பி அனுப்பிடுவாங்க."

"நான் என்ன பண்ணணும் சார்?"

"உங்களுக்கு என்ன..."

"தோணலை சார்" என்றாள்.

பாலத்துக்குத் தோன்றியது. "கையெழுத்தைப் போட்டுட்டுப் போ. இந்தக் கேட் போனா வேற வழியா கிடைக்காது? நாலு நாள்ல யாராவது சுவத்துல ஓட்டை போட்டு வழி பண்ணிடுவாங்க. நான் பாலம் கட்டப் போன ஊர்ல பாலத்துக்கு அடியிலதான் இன்னும் நடக்கறாங்க." பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார். "படிப்பை முடிக்காம திரும்பிப் போனா கிடங்குல ஸ்டோர்காரன்கூடச் சிரிப்பான் தராசு."

அது உண்மை. அவள் அவனைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். மூட்டையைப் பிரித்து வைத்துக்கொண்டு பார்க்கலாம் மேடம் என்று நிற்பவனை.

வியாழக்கிழமை பிரிகேடியர் கூப்பிட்டனுப்பினார். போகும் வழியெல்லாம் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்தாள். 'சார், இந்த அறிக்கை தவறு.' நன்றாகத்தான் இருந்தது. 'சார், நான் கையெழுத்துப் போட முடியாது.' இதை வாய்க்குள் சொல்லிப் பார்த்தபோது யாரோ வேற்றாள் பேசுவதுபோல் இருந்தது. சேர்ந்த நாளிலிருந்து மேலதிகாரி ஒருவரிடம் முடியாது என்ற சொல்லை அவள் சொன்னதில்லை. யாரும் சொல்லிக் கேட்டதுமில்லை. அதை எந்தக் குரலில் சொல்வார்கள், சொல்லும்போது கையை எங்கே வைத்துக்கொள்வார்கள் என்று தெரியவில்லை.

பிரிகேடியரின் மேசையில் கண்ணாடிக்குக் கீழே நேராக அடுக்கிய புகைப்படங்கள். அதன்மேல் அறிக்கை.

"பிரமாதம்" என்றார் பிரிகேடியர். "மேலிடத்துக்கு இதையே முன்மாதிரியா அனுப்பலாம்னு இருக்கேன். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. வெல்டர் காலையிலேர்ந்து உக்காந்திருக்கான்."

பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அவள் அதை வாங்கவில்லை. வாங்காமல் இருப்பது அவளுக்கே கையில் தெரிந்தது.

"என்ன மேஜர்? போட்டுடலாமில்ல?"

தயார் செய்த வாக்கியம் தொண்டை வரை வந்தது. திரும்பிப் போய்விட்டது. அதன் இடத்தில் வேறொன்று வந்தது.

"பார்க்கலாம் சார்."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. தையல்காரம்மா டேப்பின் நுனியை விரலில் சுற்றியது ஞாபகம் வந்தது. அவள் கைகள் இரண்டும் கால்சட்டையின் தையலை ஒட்டி நேராக இருந்தன.

பிரிகேடியர் ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்தது.

"சரியா சொன்னீங்க. ஒரு தடவை முழுசா பார்த்துடுங்க. மேலிடத்துக்குப் போறது, எழுத்துப்பிழை இருக்கக் கூடாது." அறிக்கையை எடுத்து அவள் கையில் கொடுத்தார். "இதான் சப்ளைக்காரங்ககிட்ட எனக்குப் பிடிச்சது. பார்க்காம எதையும் வாங்க மாட்டாங்க."

அவள் சல்யூட் அடித்துவிட்டு வெளியே வந்தாள். கையில் அறிக்கை இருந்தது. தான் சம்மதம் சொல்லிவிட்டு வந்தோமா, மறுத்துவிட்டு வந்தோமா என்று தாழ்வாரத்தின் கடைசி வரை யோசித்தாள். பிரிகேடியரிடம் கேட்டால் சம்மதம் என்பார். அவளிடம் கேட்டால்? பாதி தூரம் திரும்பி நடந்தாள். எதிரே வந்த காவலன் விறைப்பாக நின்றான். அவனுக்குப் பதில் சல்யூட் அடித்துவிட்டு மறுபடி பின்கேட்டை நோக்கி நடந்தாள்.

கேட் திறந்திருந்தது. வெல்டர் தன் பெட்டி மேல் உட்கார்ந்து, முகமூடியை மடியில் வைத்துக்கொண்டிருந்தான். வயரைக் காவலறையிலிருந்து இழுத்து, பாதையின் குறுக்கே போட்டு, கேட் வரை விரித்து வைத்திருந்தான். ஆயா அதைத் தாண்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள். மேஜரைப் பார்த்தும் பார்க்காததுபோல் போனாள்.

அவளைக் கண்டதும் வெல்டர் எழுந்தான். "மேடம், கையெழுத்து ஆயிடுச்சா? ஆரம்பிக்கட்டுமா?"

அவள் கையிலிருந்த காகிதங்களைப் பார்த்தாள். ஆயா மைதானத்தின் ஓரமாக வேகமாக நடந்துகொண்டிருந்தாள். பஸ் இன்னும் வரவில்லை.

"பாக்கலாம்" என்றாள் மேஜர்.

வெல்டர் வேறெதுவும் கேட்கவில்லை. முகமூடியைப் பெட்டிக்குள் போட்டான். காவலறைப் பக்கம் போய், அங்கிருந்து வயரைச் சுருட்டிக்கொண்டே வந்தான்.